நோகாத காலும் இல்லாத காலின் நோவும்

கடந்த ஆண்டுத் தேர்த்திருவிழாவன்று எமது கோவிலில் நடந்த ஒரு விடயத்துடன் இம்முறைப் பாடத்தைத் தொடங்குகிறோம். தேர் இருப்புக்கு வந்து, பச்சை சாத்தி முடிந்து, அன்னதானப் பந்தி தொடங்கியிருந்த நேரம். மண்டபத்து வெள்ளைத் தரையில் இரத்தக் கறை படிந்த காலடிகள் தெரிந்தன. ஒரு காலின் அடையாளம் மட்டுந்தான். தண்ணீர் பரிமாறிக் கொண்டிருந்த தொண்டர் பிள்ளைகள் அந்த அடிகளைப் பின்தொடர்ந்து போனபோது, சோறு சாப்பிட்டுக் கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் அவை போய் நின்றன.

"ஐயா, உங்கடை காலிலையிருந்து இரத்தம் வருது."

"என்ரை காலிலையோ? எனக்கு ஒண்டும் நோகேல்லையே, தம்பி."

காலைத் தூக்கிப் பார்த்தால், உள்ளங்காலில் ஒரு சிரட்டைத் துண்டு ஏறிக் கிடந்தது. காலையில் சிதறுதேங்காய் அடித்த இடத்தில் ஏறியிருக்க வேண்டும். அதோடுதான் அவர் மூன்று மணித்தியாலத்துக்கு மேல் வெறுங்காலுடன் தேருக்குப் பின்னால் நடந்திருக்கிறார். வெயிலில் காய்ந்த தார் றோட்டு வேறு. மற்றக் காலின் பெருவிரலுக்குக் கீழே இரண்டு கொப்புளங்கள் இருந்தன. அவற்றையும் அவர் அறியவில்லை. பக்கத்தில் இருந்த ஒருவர், "முருகன் நோகவிடேல்லை" என்று கண் கலங்கினார்.

அவன் அருளைப் பற்றி நாம் வாதாட வரவில்லை. ஆனால் அந்தப் பெரியவருக்கு இருபது ஆண்டுகளாகச் சலரோகம். அந்தக் கால் நாலு மாதம் கட்டோடு இருந்தது. முடிவில் ஒரு விரலை எடுக்க வேண்டி வந்தது. நோகவில்லை என்பதுதான் அங்கே வருத்தமே. இதை எமது குடும்பங்கள் விளங்கிக் கொள்ள வேண்டும் என்பதற்காகவே நரம்புகளையும் மூளையையும் பற்றி இன்று கொஞ்சம் விரிவாக எழுதுகிறோம்.

கால்விரலை மேசைக் காலில் இடித்துக் கொள்ளாதவர் எவரும் இல்லை. அந்த நேரத்தை நினைத்துப் பாருங்கள். முதலில் இடித்தது தெரிகிறது. உடனே சுரீர் என்று ஒரு நோ. பிறகு, ஒரு கணம் விட்டு, ஆழமாக விண் விண் என்று இன்னொரு நோ. இது கற்பனை அல்ல. தொடுகையைக் கொண்டு செல்லும் தடித்த நரம்பிழைகள் செய்தியை ஒரு செக்கனில் ஏறக்குறைய 50 மீற்றர் தூரம் கொண்டு போகின்றன. ஆழ்ந்த நோவைக் கொண்டு செல்லும் மெல்லிய இழைகள் செக்கனுக்கு ஒரு மீற்றர் அளவில்தான் நகர்கின்றன. காலில் இருந்து முதுகுத்தண்டுக்கு ஏறத்தாழ ஒரு மீற்றர். அதனால்தான் இரண்டாவது நோ மாட்டுவண்டியில் வந்து சேருகிறது.

சூடான தாச்சியில் கை பட்டால் கை தானே பின்னுக்கு வருகிறது. மூளைக்குச் செய்தி போய்ச் சேருமுன்பே முதுகுத்தண்டு கையை இழுத்து விடுகிறது. "ஐயோ" என்ற சத்தம் அதன் பின்னர்தான்.

விழுந்த பிள்ளையின் முழங்காலைத் தாய் தடவி விடுகிறாள், நோ குறைகிறது. அதற்கும் காரணம் உண்டு. 1965 ஆம் ஆண்டு ரொனால்ட் மெல்சாக், பற்றிக் வோல் என்ற இருவர், நோவுச் செய்தி மூளைக்குப் போகும் வழியில் முதுகுத்தண்டில் ஒரு படலை இருப்பது போல வேலை நடக்கிறது என்று விளக்கினார்கள். தடவும்போது தொடுகை இழைகளின் செய்தி அந்தப் படலையைப் பாதி சாத்தி விடுகிறது. அவர்கள் சொன்ன எல்லா நுணுக்கங்களும் பின்னாளில் நிலைக்கவில்லை என்றாலும், அடிப்படை எண்ணம் நிலைத்து விட்டது. அந்தப் படலையை மூளையும் மேலிருந்து சாத்தலாம். இரண்டாம் உலகப் போரில் பெரிய காயம்பட்ட படையினர் பலர் நோ மருந்து கேட்கவில்லை என்பதை ஹென்றி பீச்சர் என்ற அமெரிக்க வைத்தியர் 1946 ஆம் ஆண்டு எழுதினார். செடில் குத்திக் காவடி எடுப்பவரும், பிரதட்டை செய்பவரும் நோவைத் தாங்குவதில் இந்த வழிக்கும் பங்கு உண்டு. மனம் ஒன்றில் ஊன்றி நிற்கும்போது மூளை தன்னிடமுள்ள நோ தணிக்கும் பொருட்களைச் சுரக்கிறது.

எனவே அன்று தேரில் காவடி எடுத்த இளைஞருக்கும், சிரட்டை ஏறிய பெரியவருக்கும் நோ தெரியாமல் இருந்தது ஒரே காரணத்தால் அல்ல. இளைஞருக்குப் படலை சாத்திக் கிடந்தது. காவடி இறக்கியதும் திறந்து விடும். பெரியவருக்கோ படலைக்கு வரும் பாதையே அழிந்து விட்டது.

இரத்தத்தில் சீனி நெடுங்காலம் கூடுதலாக இருந்தால் நரம்பிழைகளும், அவற்றுக்கு ஊட்டம் கொடுக்கும் நுண்ணிய இரத்தக் குழாய்களும் பழுதாகின்றன. மிக நீண்ட நரம்புகள்தாம் முதலில் கெடும். உடம்பில் மிக நீண்டவை கால்விரலுக்குப் போகும் நரம்புகள். ஆகவே விரல் நுனியில் தொடங்கி, காலுறை போட்டது போல விறைப்பு மெல்ல மேலே ஏறுகிறது. சிலருக்கு இரவில் எரிவும் குத்தலும் இருக்கும். ஒரே காலில் எரிவும் உண்டு, உணர்ச்சியும் இல்லை என்று சொன்னால் வீட்டில் நம்பமாட்டார்கள். ஆனால் உண்மை அதுதான். சாகிற நரம்பு சும்மா சாவதில்லை, கத்திக்கொண்டு சாகிறது.

நோவின் அருமையை உலகுக்கு எடுத்துச் சொன்னவர்களில் முக்கியமானவர் ஒருவர் தமிழ்நாட்டில் பிறந்தவர். போல் பிராண்ட், 1914 இல் கொல்லிமலையில் ஆங்கிலேயப் பெற்றோருக்குப் பிறந்து, லண்டனில் வைத்தியம் படித்து, 1946 இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். குட்டநோய் தசையை அழுகச் செய்து விரல்களை விழுத்துகிறது என்றே அக்காலத்தில் பலரும் நம்பினார்கள். அவர் உற்றுப் பார்த்து, நோய் அழிப்பது நரம்பை. விரலை அழிப்பது, உணராமல் படும் சின்னச் சின்னக் காயங்கள் என்று காட்டினார். இரவில் படுத்த நோயாளியின் விரல் காலையில் குறைந்திருப்பது ஏன் என்று அறியக் காவல் இருந்து பார்த்தார்கள். எலி வந்து கடித்துக் கொண்டு போயிற்று. படுத்திருந்தவர் அசையவும் இல்லை. பிறகு வீடு திரும்பும் நோயாளிகளுக்குப் பூனை கொடுத்து அனுப்பினார்களாம்.

1966 இல் அவர் அமெரிக்காவின் லூயிசியானா மாநிலத்தில் உள்ள கார்வில் குட்டநோய் வைத்தியசாலைக்குப் போனார். அங்கே கண்ட பராமரிப்பு முறைகள் சலரோகக்காரரின் கால்களுக்கும் பயன்பட்டன. அவர் செய்த ஒரு முயற்சி எம்மை மிகவும் யோசிக்க வைத்தது. உணர்ச்சியற்ற கைகளுக்கு ஒரு செயற்கை நோ செய்து கொடுக்க நினைத்தார். அழுத்தம் கூடினால் சத்தம் எழுப்பும் கையுறை. நோயாளிகள் சத்தத்தைக் கேட்டும் வேலையைத் தொடர்ந்தார்கள். சத்தத்துக்குப் பதிலாக மின்சார அதிர்ச்சி வைத்தார். அவர்கள் அதை நிற்பாட்டி விட்டு வேலையை முடித்தார்கள்! கடைசியில் அந்த முயற்சி கைவிடப்பட்டது. நிற்பாட்ட முடியாமல் இருப்பதே நோவின் பலம் போலும்.

இனி மறுபக்கத்துக்கு வருகிறோம். எம்மிடையே கால் இழந்து வந்தவர்களும் உண்டு. சிலர் சலரோகத்தால், சிலர் ஊரில் மிதிவெடியால். எமக்குத் தெரிந்த ஒருவர் 1990களில் முழங்காலுக்குக் கீழே காலை இழந்தவர். ஜெய்ப்பூர் காலோடு நடந்து பழகி, இந்நாட்டுக்கு வந்து, பிள்ளைகளையும் ஆளாக்கி விட்டார். ஒரு நாள் மெதுவாகச் சொன்னார்: "அந்தக் காலின்ரை பெருவிரல் இப்பவும் மடங்கிக் கிடக்குது. நிமித்தேலாமல் இருக்கு. ராவிலை உயிர் போகுது. வீட்டிலை சொன்னால் மனப்பிரமை எண்டு நினைப்பினம்." பல ஆண்டுகள் அவர் அதை மனைவிக்கும் சொல்லவில்லை.

அது மனப்பிரமை அல்ல. பேய் பிசாசும் அல்ல. அமெரிக்க உள்நாட்டுப் போரில் உறுப்பிழந்தவர்களைக் கவனித்த சைலஸ் வியர் மிச்சல் என்ற வைத்தியர் 1871 இலேயே இதற்கு ஆவி உறுப்பு என்று பொருள்படும் பெயர் வைத்தார். கை கால் இழந்தவர்களில் மிகப் பெரும்பாலானோருக்கு அந்த உறுப்பு இன்னும் இருப்பது போலத் தோன்றும், பலருக்கு அதில் நோவும் உண்டு.

மூளையில் உடம்பின் வரைபடம் ஒன்று இருக்கிறது. மொன்றியலில் வைல்டர் பென்ஃபீல்ட் என்ற சத்திரசிகிச்சை நிபுணர், விழித்திருக்கும் நோயாளிகளின் மூளையை மெல்லிய மின்சாரத்தால் தொட்டுத் தொட்டு 1930களில் அதைக் கண்டறிந்தார். அங்கே உதட்டுக்கும் விரல்களுக்கும் பெரிய காணி, முதுகுக்குச் சிறு துண்டு. காலை வெட்டி எடுத்தாலும் வரைபடத்தில் அதன் காணி அழிவதில்லை.

சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து, கலிபோர்னியாவில் சான் டியேகோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியரான வி. எஸ். ராமச்சந்திரன் 1990களில் இதற்குச் செய்த வைத்தியம் எங்கள் வீட்டு அலுமாரிக் கண்ணாடியிலேயே செய்யக் கூடியது. ஒரு கண்ணாடியை நிமிர்த்தி வைத்து, இருக்கிற கையை அதன் முன் வைத்துப் பார்த்தால், இழந்த கை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கை தெரியும். இருக்கிற கையை விரித்தால் அதுவும் விரியும். ஆண்டுக்கணக்காய்ப் பொத்திக் கிடந்த ஆவிக் கை சிலருக்கு அப்போது விரிந்தது, நோவும் தணிந்தது. கால் இழந்த படையினரிடையே அமெரிக்காவின் வால்டர் ரீட் இராணுவ வைத்தியசாலையில் நடந்து 2007 இல் வெளியான ஒரு சிறு ஆய்வில், தினமும் 15 நிமிடம் கண்ணாடி பார்த்துப் பயிற்சி செய்தவர்களுக்கு நான்கு வாரத்தில் நோ குறைந்தது.

எல்லோருக்கும் இது பலிப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஏன் பலிக்கிறது என்பதிலும் இன்னும் வாதம் இருக்கிறது. இழந்த கையின் காணியைப் பக்கத்து முகம் பிடித்துக் கொள்வதாலேயே நோ வருகிறது என்றார் ராமச்சந்திரன். 2013 இல் ஒக்ஸ்போர்ட்டில் தமார் மேக்கின் குழுவினர் செய்த ஆய்வோ, நோ கூடியவர்களிடம் பழைய கையின் காணி அப்படியே இருப்பதாகக் காட்டியது. அறிஞர்கள் வாதாடட்டும். செலவில்லாத முயற்சி என்பதால், உடற்பயிற்சி வைத்தியரின் துணையோடு தொடங்கிப் பார்ப்பதில் தவறில்லை என்பது எமது எண்ணம். முதல் நாளில் சிலருக்குத் தலை சுற்றும், அழுகையும் வரும். தனியே விடாதீர்கள்.

பிள்ளைகளுக்கு ஒரு பயிற்சி. தமிழ்ப் பாடசாலை மாணவர்கள் இரண்டு பற்குச்சிகளை மூன்று மில்லிமீற்றர் இடைவெளியில் பிடித்து ஒருவரின் விரல் நுனியில் மெதுவாகத் தொடவும். கண்ணை மூடியிருப்பவர் இரண்டு என்று சொல்வார். அதையே முதுகில் தொட்டால் ஒன்று என்பார். பென்ஃபீல்டின் வரைபடத்தில் யாருக்குப் பெரிய காணி என்று இப்போது விளங்கும்.

அடுத்ததை அம்மம்மா, அப்பப்பாவோடு செய்ய வேண்டும். இது இங்கிலாந்தில் இப்ஸ்விச் வைத்தியசாலையில் உருவான முறை. அவர்களைக் கண்ணை மூடிப் படுக்கச் சொல்லுங்கள். உங்கள் சுட்டுவிரலால் அவர்களின் இரு கால்களிலும் பெருவிரல், நடுவிரல், சின்னவிரல் ஆகிய ஆறு நுனிகளையும் மாறி மாறி, ஒன்று அல்லது இரண்டு செக்கன் இறகு போலத் தொடுங்கள். அழுத்த வேண்டாம், தட்ட வேண்டாம், கூச்சம் காட்ட வேண்டாம். தெரிகிறபோது வலது அல்லது இடது என்று சொல்ல வேண்டும். தெரியாவிட்டால் இரண்டாம் முறை தொடக் கூடாது. ஆறில் இரண்டு தவறினால் உணர்ச்சி குறைந்திருக்கிறது என்று எடுத்துக்கொண்டு குடும்ப வைத்தியரிடம் காலைக் காட்டுங்கள். அவர் நைலோன் நூலாலும் இசைக்கவையாலும் சரியாகச் சோதிப்பார்.

அப்படிப்பட்டவர்கள் வீட்டிலும் வெறுங்காலுடன் நடக்க வேண்டாம். குளிர்காலத்தில் ஹீற்றருக்குக் கிட்டக் கால் வைப்பதும், சுடுநீர்ப் போத்தல் வைத்துப் படுப்பதும் மிகவும் ஆபத்து. தண்ணீரின் சூட்டைக் காலால் பார்க்காமல் முழங்கையால் பாருங்கள். சப்பாத்துப் போடுமுன் கையை உள்ளே விட்டுத் தடவுங்கள். இரவில் உள்ளங்காலைப் பார்ப்பது பூசை போல ஒரு நியமமாக இருக்கட்டும். குனிய முடியாதவர் நிலத்தில் ஒரு கண்ணாடி வைத்துப் பார்க்கலாம். ஆக, கண்ணாடி இரண்டு வகைக் காலுக்கும் உதவுகிறது!

இவ்வாண்டுத் தேருக்கு நிர்வாக சபை சில ஏற்பாடுகள் செய்கிறது. சிதறுதேங்காய் அடிக்கும் இடம் தேர் வீதியிலிருந்து விலக்கிக் கயிறு கட்டப்படும். சிரட்டை கூட்ட நான்கு தொண்டர்கள் நிற்பார்கள். றோட்டுக்குத் தண்ணீர் விடப்படும். கால் விறைப்பு உள்ள அடியார்கள் புதிய, தடித்த பருத்திக் காலுறை அணிந்து உள்ளேயும் வெளியேயும் வருவதற்குத் தடையில்லை என்று குருக்கள் ஐயாவும் கூறியுள்ளார். அதைப் பார்த்து எவரும் முகம் சுளிக்க வேண்டாம். கொடியேற்றத்துக்கு முந்திய ஞாயிறு பூசையின் பின், எமது இளைஞர் அணியில் தாதிப் படிப்புப் படிக்கும் பிள்ளைகள் மண்டபத்தில் இருந்து ஆறு விரல் சோதனையைச் செய்து காட்டுவார்கள்.

சிரட்டை ஏறிய பெரியவரும் வருகிறார். அவருடைய காலை எட்டு வயதுப் பேத்தி ஏற்கெனவே சோதித்து விட்டாளாம். ஒரு விரல் இல்லாததால் ஐந்துக்கு இரண்டு என்று கொப்பியில் எழுதி வைத்திருக்கிறாள்.