ஆறாண்டு வாழ்ந்த மாகாணம்

வங்கப் பிரிவினை என்றால் கர்சன் பிரபுவின் சூழ்ச்சி என்று ஒரே வரியில் விடையெழுதி மதிப்பெண் பெற்றவன் நான். பிரித்தார்கள், எதிர்த்தோம், சேர்த்தார்கள் என்பதோடு என் அறிவு நின்றிருந்தது. பிரிந்து நின்ற பகுதி எவ்வாறு வாழ்ந்தது என்பதைப் பிறகுதான் படித்தேன்.

'கிழக்கு வங்காளமும் அஸ்ஸாமும்' என்ற அம்மாகாணம் 1905 அக்டோபர் 16-இல் பிறந்தது. மக்கள் தொகை சுமார் 3 கோடியே 10 இலட்சம்; அவருள் முஸ்லிம்கள் பெரும்பான்மையினர். தலைநகர் டாக்கா, கோடைக்கால இருக்கை ஷில்லாங். முதல் துணை ஆளுநர் புல்லர்.

பழைய வங்காள மாகாணத்தில் ஏழே முக்கால் கோடிக்கு மேற்பட்ட மக்கள் இருந்தனர். அதனை ஒரே துணை ஆளுநர் ஆள்வது கடினம் என்று அரசினர் கூறியதில் உண்மை உண்டு. ஆயினும் கோடு வங்க மொழி பேசுவோரின் நடுவே விழுந்தது. மேற்குப் பகுதியில், பீகார், ஒரிசா மக்களோடு சேர்ந்திருந்த வங்காளிகள் சிறுபான்மையாயினர். எதிர்ப்பு சுதேசி இயக்கமாக வளர்ந்தது. அதன் அலை தூத்துக்குடியையும் தொட்டது, வ.உ.சி. 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினார்.

ஆனால் கிழக்கின் கதை வேறு. அங்கே உழவர் பலர் முஸ்லிம்கள். ஜமீன்தார் பலர் கல்கத்தாவில் வாழ்ந்த இந்துக்கள். டாக்கா தலைநகரானதும் புதிய கட்டடங்களும் அலுவலகங்களும் எழுந்தன. தங்கள் ஊருக்கும் காலம் வந்தது என்று அங்குள்ளோர் பலர் நம்பினர். முஸ்லிம் லீக் 1906 டிசம்பரில் டாக்காவிலேயே தோன்றியது.

1911 டிசம்பர் 12-இல், டெல்லி தர்பாரில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் பிரிவினை நீங்குவதாக அறிவித்தார். 1912 ஏப்ரல் 1 முதல் வங்க மாவட்டங்கள் ஒன்றாயின. அஸ்ஸாம் தனியே நின்றது. பீகாரும் ஒரிசாவும் சேர்ந்து வேறொரு மாகாணமாயின. வங்காளிகளைப் பிளக்காமலே சுமையைக் குறைக்க முடியும் என்பதை இந்த ஏற்பாடே மெய்ப்பித்துவிட்டதல்லவா?

தலைநகர்த் தகுதியை இழந்த டாக்காவுக்கு ஈடாக ஒரு பல்கலைக்கழகம் வாக்களிக்கப்பட்டது. அது 1921-இல் திறந்தது. மனக்கசப்புக்கு மட்டும் ஈடு கிடைக்கவில்லை. 1947-இல் வங்கம் மீண்டும் பிரிந்தது. 1971-இல் டாக்கா ஒரு நாட்டின் தலைநகராயிற்று.

கர்சனின் சூழ்ச்சி என்ற என் விடை பிழையன்று, பாதி விடை. ஒரு சாரார் இழப்பாகக் கண்டதை மற்றொரு சாரார் ஏன் வாய்ப்பாகக் கண்டனர் என்று கேட்டால்தான் மீதி விடை கிடைக்கும். தேர்வில் இனி இரண்டையும் எழுத எண்ணியுள்ளேன்.