பரிசலேறி மீன் பிடிக்கத் தொடங்குவோர்க்கு

சேர்வராயன் மலையில் பெய்யும் மழை முழுவதும் மலையிலேயே தங்கிவிடுவதில்லை. தலைச்சோலை போன்ற மலையூர்களின் காப்பிச் செடிகளையும் மிளகுக் கொடிகளையும் நனைத்த பின், அது பல ஓடைகளாகப் பிரிந்து கீழே இறங்குகிறது. ஒரு பகுதி திருமணிமுத்தாறாகிச் சேலம் நகரை நோக்கிச் செல்கிறது. ஒரு பகுதி சரபங்கா நதியாகி ஓமலூர்ப் பக்கம் ஓடுகிறது. மற்றொரு பகுதி தொப்பையாறாகி, மேட்டூரில் காவிரியைத் தேக்கி வைத்திருக்கும் ஸ்டான்லி நீர்த்தேக்கத்தில் கலக்கிறது. எனவே மலையூராருக்கும் அப்பெரிய நீர்ப்பரப்புக்கும் உள்ள உறவு புதியதன்று.

மலையில் தோட்ட வேலை ஓய்ந்திருக்கும் மாதங்களில் வேறு தொழில் ஏதேனும் உண்டா என்று இளைஞர்கள் கேட்பதை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். அவர்களுள் சிலருக்குச் சிறு படகில் மீன் பிடிக்கும் ஆசை உண்டு. ஏற்காட்டு ஏரியில் ஓடுபவை உல்லாசப் படகுகள். அங்கே இத்தொழிலைக் கற்க இயலாது. சேலத்திலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவிலுள்ள மேட்டூரே நமக்கு அருகிலுள்ள பெரிய மீன்பிடி நிலையம். அங்கே வழங்கும் கலம் பரிசல். குறைந்த முதலில் தொடங்கக்கூடிய தொழில் இது என்பது உண்மையே. ஆயினும் பரிசலில் ஏறுகிறவர் பிடிக்கப் போகும் மீனை எண்ணுவதற்கு முன், கரைக்குத் திரும்பும் வழியை எண்ண வேண்டும். இக்கட்டுரையில் நாம் கூறும் பாடங்கள் யாவும் இந்த ஒன்றிலேயே அடங்கும்.

நீர்த்தேக்கத்தின் இயல்பு

மேட்டூர் அணையின் கட்டுமானம் 1925-ல் தொடங்கி 1934-ல் நிறைவெய்தியது. அப்போது சென்னை மாகாண ஆளுநராயிருந்த ஸ்டான்லியின் பெயரே நீர்த்தேக்கத்துக்கு இடப்பட்டது. அணையின் முழு நீர்மட்டம் 120 அடி; கொள்ளளவு 93.47 ஆயிரம் மில்லியன் கன அடி. நிரம்பி நிற்கும்போது நீர் ஏறத்தாழ 150 சதுர கிலோமீட்டர் பரப்பில் விரிந்து கிடக்கிறது. இத்துணை அகன்ற நீரில் காற்று அடித்தால் அலை எழும். ஏரி என்றும் குளம் என்றும் எளிதாக எண்ணி இறங்குவது பெரும் தவறு.

நீர்மட்டம் என்றும் ஒரே நிலையில் இருப்பதில்லை. டெல்டாப் பாசனத்துக்காக ஜூன் 12-ஆம் நாள் அணையைத் திறந்து, ஜனவரி 28-ஆம் நாள் மூடுவது மரபு. நீர் இருப்பை ஒட்டி இந்நாட்கள் முன்பின்னாவதுண்டு. கர்நாடகத்து அணைகளிலிருந்து உபரி நீர் வரும்போது நீர்மட்டம் சில நாட்களிலேயே பல அடி உயரும். கோடையில் இறங்கிவிடும். அணை கட்டப்பட்டபோது பல ஊர்கள் நீரில் மூழ்கின. நீர் வெகுவாகக் குறையும் காலத்தில் பண்ணவாடியில் பழைய கோயிலின் நந்தியும் தேவாலயத்தின் கோபுரங்களும் வெளியே தெரிவதைப் பலர் கண்டிருப்பர். பார்ப்பவர்க்கு அது வியப்பு. வலை வீசுபவர்க்கோ அது எச்சரிக்கை. நீருக்கடியில் சுவர்களும் பாறைகளும் மரக்கட்டைகளும் இருக்கின்றன. வலை அவற்றில் சிக்கினால் கிழியும். சிக்கிய வலையை வலிந்து இழுத்தால் பரிசல் கவிழும். எனவே கோடையில் நீர் வற்றியிருக்கும்போது அனுபவமுள்ள மீனவர் ஒருவருடன் கரையோரம் நடந்து, இடங்களை மனத்தில் பதித்துக்கொள்ளுதல் நன்று.

பரிசலை அறிதல்

மூங்கிலைப் பிளந்து, வட்டமான கூடை போல முடைந்து, அடிப்புறத்தை மூடிச் செய்வது பரிசல். முன்னாளில் மாட்டுத் தோலைப் போர்த்தினர். இப்போது பிளாஸ்டிக் விரிப்பைப் போர்த்தித் தார் பூசுகின்றனர். கண்ணாடி இழைப் பரிசல்களும் வந்துள்ளன. மூங்கில் வேண்டுவோர் தம் நிலத்தில் வளர்த்ததைப் பயன்படுத்தலாம். காப்புக்காட்டு மூங்கிலை அனுமதியின்றி வெட்டலாகாது.

பரிசலின் குணங்கள் மூன்று. முதலாவது, அதற்கு முன்பின் என்பது இல்லை. ஒரு பக்கமாகவே துடுப்புப் போட்டால் அது நின்ற இடத்திலேயே சுற்றும். துடுப்பைப் பரிசலின் முன்புறத்தில் இறக்கி, வலமும் இடமும் மாற்றி மாற்றி, நீரைத் தம்மை நோக்கி இழுத்தல் வேண்டும். இரண்டாவது, அது லேசானது. ஒருவரே தலைமேல் கவிழ்த்துச் சுமந்து செல்லலாம். ஆனால் அதே காரணத்தால் காற்று அதனை எளிதில் தள்ளிக்கொண்டு போகும். மூன்றாவது, உட்கார்ந்திருப்பவரை அது நன்றாகத் தாங்கும். எழுந்து நிற்பவரையும் விளிம்பில் சாய்பவரையும் கவிழ்த்துவிடும். ஆகவே தாழ அமர்ந்து, எடையை நடுவில் வைத்துக்கொள்வதே முதல் விதி.

உலகின் வேறு பகுதிகளிலும் இத்தகைய சிறு கலங்கள் உண்டு. பிரிட்டனின் வேல்ஸ் நாட்டில் பரிசலை ஒத்த தோல் படகுகள் ஆறுகளில் ஓடின. வியட்நாம் கடற்கரையில் மூங்கில் கூடைப் படகில் ஏறி மீன் பிடிக்கின்றனர். வடதுருவப் பகுதியின் இனுயிட் மக்கள் கடல்நாய்த் தோலைப் போர்த்திச் செய்த ஒற்றையாள் படகே இன்று கயாக் என்னும் பெயரால் உலகெங்கும் பரவியிருக்கிறது. கலம் எதுவாயினும் அதில் அமர்பவர் கற்க வேண்டிய பாடம் ஒன்றே.

முதல் பத்து நாட்கள்

நீந்தத் தெரியாதவர் பரிசலில் மீன் பிடிக்கச் செல்லலாகாது. நீந்தத் தெரிந்தவரும் மிதவை அங்கி அணியாமல் செல்லலாகாது. 'நான் காவிரியில் பிறந்து வளர்ந்தவன்' என்று கூறுவோரும் உடுத்திய துணியோடும் காலில் சிக்கிய வலையோடும் ஆழத்தில் விழுந்தால் நீந்த இயலாது என்பதை உணர வேண்டும். அங்கியைப் பரிசலில் போட்டு வைப்பதால் பயனில்லை. உடலில் கட்டியிருக்க வேண்டும்.

முதலில் ஊராட்சியின் இசைவு பெற்று, உள்ளூர்க் குளத்தில் மார்பளவு நீரில் பழகுக. ஏறுதல், இறங்குதல், நேராகச் செலுத்துதல், திருப்புதல் ஆகியவற்றைக் கற்ற பின், வேண்டுமென்றே பரிசலைக் கவிழ்த்து, அதைப் பற்றிக்கொண்டு மிதக்கப் பழகுக. இப்பயிற்சியைச் சிலர் விளையாட்டென நினைக்கலாம். ஆனால் உயிரைக் காப்பது இதுவே. மூங்கில் மிதக்கும். கவிழ்ந்த பரிசலை விட்டுக் கரையை நோக்கி நீந்த முயல்பவர் களைத்து மூழ்குவார். அதைப் பிடித்துக்கொண்டு கிடப்பவரை மற்றவர் வந்து மீட்கலாம். ஊதல் ஒன்றைக் கழுத்தில் அணிந்திருந்தால் இருட்டிலும் இருக்குமிடத்தை அறிவிக்கலாம்.

அதன் பின்னரே அனுபவமுள்ளவருடன் பெரிய நீருக்குச் செல்ல வேண்டும். ஒருவர் துடுப்புப் போட, ஒருவர் வலையிடுவது சிறந்த முறை. காவிரிக் கரையில் கணவனும் மனைவியும் சேர்ந்து இத்தொழிலைச் செய்வதைக் காணலாம்.

காற்றும் மழையும்

புறப்படும்போது காற்று எத்திசையிலிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். முதலில் காற்றை எதிர்த்துச் செல்க. திரும்பும்போது காற்று துணை செய்யும். காற்றோடு எளிதாகச் சென்று, மாலையில் களைத்த கைகளோடு எதிர்க்காற்றில் திரும்ப முயல்வோரே பெரிதும் இடருறுகின்றனர். ஆனி, ஆடி மாதங்களில் மேல்காற்று வலிமையாக வீசும். சித்திரை, வைகாசியில் பிற்பகலில் திடீரென இடிமழை வரும். மேகம் கறுத்தாலோ இடியோசை கேட்டாலோ வலையை விட்டுவிட்டுக் கரையேறுக. வலையை மறுநாள் தேடலாம்.

சேர்வராயன் மலையில் கனத்த மழை பெய்தால் தொப்பையாற்று முகத்தில் கலங்கல் வெள்ளம் வரும். அந்நாளில் அப்பக்கம் வலையிடலாகாது. அணையின் மதகுகளுக்கும் 16 கண் உபரிநீர்ப் போக்கிக்கும் அருகில் எக்காலத்தும் செல்லலாகாது.

வலையும் தூண்டிலும்

நீர்த்தேக்கத்தில் மீன் பிடிக்க மீன்வளத் துறையின் உரிமம் வேண்டும். வலை வாங்கும் முன்னரே மேட்டூரிலுள்ள அத்துறை அலுவலகத்தை அணுகி விதிகளைக் கேட்டறிக.

பெரிதும் வழங்குவது செவுள் வலை. மேலே மிதவையும் கீழே ஈயக் குண்டும் கட்டி, சுவர் போல நீரில் நிறுத்துவர். மாலையில் இட்டு, விடியலில் எடுப்பர். வலைக்கண்ணில் தலையை நுழைத்த மீன் பின்வாங்கும்போது செவுள் மாட்டிக்கொள்கிறது. எனவே எந்த அளவு மீன் சிக்கும் என்பதை வலைக்கண்ணின் அகலமே தீர்மானிக்கிறது. சிறு கண் வலையில் இன்று நிறைய மீன் விழும். ஆனால் அவை ஒரு முறையேனும் இனம் பெருக்காத குஞ்சுகள். விதை நெல்லைக் குற்றித் தின்பதற்கும் இதற்கும் வேறுபாடு இல்லை. வெடி வைத்தும் நஞ்சு கலந்தும் மீன் பிடிப்பதை 1897-ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டமே குற்றமாக்கியுள்ளது.

கட்லா மேல்நீரிலும், ரோகு நடுநீரிலும், மிருகால் அடிநீரிலும் இரை தேடும். கெளுத்தியும் வாளையும் ஆழத்தில் திரியும். ஜிலேபி எனப்படும் திலாப்பியா கரையோர ஆழமற்ற நீரில் மிகுதி. புதியவர் கரையோரத்தில் மண்புழுவை இரையாகக் கொண்டு தூண்டிலில் தொடங்குவது நலம். முதலும் குறைவு, அபாயமும் குறைவு.

கட்லா போன்ற பெருங்கெண்டைகள் தேங்கிய நீரில் முட்டையிடா. புதுவெள்ளம் ஓடும் ஆற்று நீரை நாடும். 1957 ஜூலை 10-ஆம் நாள் ஹீராலால் சௌதுரி என்னும் அறிஞர் பிட்யூட்டரிச் சுரப்புச் சாற்றை ஊசி மூலம் செலுத்திக் கெண்டைகளை முட்டையிடச் செய்து வெற்றி கண்டார். அதன் பயனாகவே இன்று குஞ்சுகளை வளர்த்து நீர்த்தேக்கங்களில் விட முடிகிறது. பொதுச் செலவில் விடப்பட்ட அக்குஞ்சுகளைப் பருவமெய்தும் முன் பிடிப்பது பொதுச் சொத்தை அழிப்பதேயாகும்.

வரவும் செலவும்

பிடித்த மீன் வெயிலில் விரைவில் கெடும். ஒரு பங்கு மீனுக்கு ஒரு பங்கு பனிக்கட்டி என்னும் அளவில் அடுக்கி வைத்தால் விலை குறையாது. வியாபாரியிடம் முன்பணம் பெற்று வலை வாங்குபவர், பின்னர் அவர் சொல்லும் விலைக்கே மீனைக் கொடுக்க நேரும். கடன் அடைக்கும் கவலையால், காற்றடிக்கும் நாளிலும் நீரில் இறங்குவார். எனவே மீனவர் கூட்டுறவுச் சங்கத்தை நாடுதலும், ஒரு பருவம் பழகிய பின்னரே சொந்தப் பரிசல் வாங்குதலும் அறிவுடைமை.

கடலுக்குச் செல்ல விரும்புவோர் இதனினும் பொறுமை கொள்ள வேண்டும். அங்கே நம் முன்னோர் கண்ட கட்டுமரம் உண்டு. கட்டைகளைப் பிணைத்துச் செய்ததால் நீர் உட்புகுந்து மூழ்காத கலம் அது. தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் (1983) கரையிலிருந்து 3 கடல் மைல் வரை விசைப்படகுகள் மீன் பிடிப்பதைத் தடுத்து, அப்பரப்பைச் சிறு கலங்களுக்கு ஒதுக்கியுள்ளது. எனினும் கரையில் மோதும் அலையைக் கடக்கும் வித்தையைக் கடற்கரை மீனவரிடம் நேரில் கற்காமல் எவரும் இறங்கலாகாது.

ஊராட்சிகள் செய்யத்தக்கவை

ஊராட்சி உறுப்பினர்கள் இதில் பெரிதும் உதவலாம். குளத்து மீன்பாசிக் குத்தகை வருவாயில் ஒரு சிறு பகுதியைக் கொண்டு மிதவை அங்கிகள் வாங்கிப் பொதுவில் வைக்கலாம். பரிசல் துறையுள்ள ஊர்களில் மிதவை வளையமும் நீண்ட கயிறும் எப்போதும் தொங்க வேண்டும். வானிலை அறிவிப்பையும் நீர் வரத்தையும் நாள்தோறும் கரும்பலகையில் எழுதலாம். யார் எப்போது சென்றார், எப்போது திரும்பினார் என்று ஒரு குறிப்பேடு வைத்தால், திரும்பாதவரை இருட்டும் முன் தேட முடியும். சிறுவர் சிறுமியர் அனைவர்க்கும் நீச்சல் கற்பித்தல் ஒவ்வோர் ஊரிலும் நடைபெற வேண்டும்.

இவற்றுக்குப் பெருஞ்செலவு இல்லை. மாலையில் வலையிடச் சென்றவர் விடியலில் கூடையோடு வீடு திரும்புவதே இத்தொழிலின் முதல் லாபம். கூடை ஒரு நாள் வெறுமையாக இருக்கலாம். சென்றவர் திரும்பினால் மறுநாள் அது நிறையும்.