சுரங்கத்துக்கும் ஒரு கடைசி ஷிப்ட் உண்டு

அன்புள்ள மகளுக்கு,

பெரியப்பா எழுதுவது. எலெக்ட்ரிகல் முடித்ததும் நெய்வேலியிலேயே வேலைக்கு முயல்வதா, சோலார் கம்பெனிக்குப் போவதா என்று கேட்டிருந்தாய். நிலக்கரிதானே நமக்குச் சோறு போட்டது என்கிறார் உன் அப்பா. பத்து வருஷத்தில் அது இருக்கவே இருக்காது என்கிறார்கள் உன்கூடப் படிப்பவர்கள். இரண்டு பேச்சிலும் பாதிதான் உண்மை.

முதலில் கணக்கைப் பார். 2025-ன் நடுவில் இந்தியாவின் மின் நிறுவுதிறனில் பாதி, சூரியஒளி, காற்று, நீர், அணு என்று நிலக்கரியும் எரிவாயுவும் சேராத வகைகளுக்கு வந்துவிட்டது. 2030-க்கு வைத்திருந்த இலக்கு அது. ஆனால் நாடு செலவழிக்கும் யூனிட்டில் ஏறக்குறைய முக்கால் பங்கு இன்றும் நிலக்கரியிலிருந்துதான் வருகிறது. சோலார் பேனல் பகலில்தான் ஓடும். முப்பந்தல் காற்றாலைகள் ஆடியில் சுழலும் வேகத்தில் தையில் சுழலாது. இரவு ஏழு மணிக்கு வீட்டுக்கு வீடு விளக்கும் ஃபேனும் ஏசியும் போடும்போது சூரியன் கிடையாது. அந்தச் சுமையைப் பெரும்பாலும் அனல்மின் நிலையம்தான் தாங்குகிறது.

உன் தலைமுறைக்கான வேலை அந்த ஏழு மணியில் இருக்கிறது. பகலில் மிஞ்சும் மின்சாரத்தை இரவுக்கு வைத்துக்கொள்ள வேண்டும். அதற்குப் பேட்டரி ஒரு வழி. கீழ் நீர்த்தேக்கத்துத் தண்ணீரை மேலே ஏற்றி, தேவைப்படும்போது இறக்கி டர்பைனைச் சுற்றுவது இன்னொரு வழி. கோவை மாவட்டத்துக் கடம்பாறையில் 400 மெகாவாட் அளவில் 1980-களிலேயே அது வந்துவிட்டது. இன்னொரு சிக்கலும் உண்டு. அனல்மின் நிலையத்தின் கனத்த ரோட்டர்கள் சுழலும் வேகமே கிரிட் எனும் மின்கட்டமைப்பின் 50 ஹெர்ட்ஸ் அதிர்வெண் சட்டென்று சரியாமல் பிடித்துக்கொள்கிறது. சாதாரண சோலார் இன்வெர்ட்டருக்கு அந்தக் கனம் கிடையாது. ரிலே பாதுகாப்பு, சுமை நிர்வாகம், மின்சேமிப்பு மூன்றையும் ஊன்றிப் படி. எரிபொருள் எதுவானாலும் அந்த வேலை தெரிந்தவர் தேவைப்படுவார்.

இனி உன் அப்பாவின் கவலைக்கு வருகிறேன். நெய்வேலிக்கு மூடுவது புதிதல்ல. சோவியத் உதவியோடு எழுப்பி, 1962-ல் மின்சாரம் தரத் தொடங்கிய முதல் அனல்மின் நிலையம் 2020-ல் மூடப்பட்டது. ஆனால் அதற்கு ஈடாக, பழுப்பு நிலக்கரியிலேயே ஓடும் 1,000 மெகாவாட் புதிய நிலையம் எழுந்தது. அதனால் சுரங்கத்துக்கு வேலை குறையவில்லை. 2070-க்குள் நிகரக் கரியுமிழ்வைப் பூஜ்யமாக்குவதாக இந்தியா 2021-ல் உலகுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறது. எனவே அடுத்த மூடலின்போது பக்கத்தில் இன்னொரு நிலக்கரி நிலையம் வரும் என்று நம்பி உட்கார முடியாது. நெய்வேலிச் சுரங்கத்தை நடத்தும் நிறுவனமே தமிழ்நாட்டில் ஆயிரம் மெகாவாட்டுக்கு மேல் சோலார் அமைத்திருக்கிறது. ஆனால் பேனலைப் பொருத்தி முடித்துவிட்டால் சோலார் பண்ணைக்குக் கொஞ்சம் ஆட்களே போதும். சுரங்கம் மூன்று ஷிப்டிலும் ஆள் கேட்கும்.

இந்த வழியில் நமக்கு முன்னால் போனவர்களைப் பார். ஜெர்மனியின் ரூர் பகுதியில் கருநிலக்கரித் தொழில் 1950-களின் கடைசியிலேயே தள்ளாடத் தொடங்கியது. காரணம் பருவநிலை அல்ல. மலிவான இறக்குமதி நிலக்கரியும் எண்ணெயும். கடைசிச் சுரங்கம் மூடியது 2018 டிசம்பரில். அறுபது ஆண்டு இறக்கம் அது. அதற்கிடையில், பல்கலைக்கழகமே இல்லாதிருந்த அந்தப் பகுதியில் 1965-ல் போஹும் நகரத்துப் பல்கலைக்கழகம் திறந்தது. ஆட்களை முன்கூட்டியே ஓய்வூதியத்தில் அனுப்பியும் வேறு வேலைக்குப் பழக்கியும் குறைத்தார்கள். அதற்கு அரசு ஏராளமாகச் செலவழித்தது. அப்படியும் அங்கே வேலையின்மை தீர்ந்துவிடவில்லை.

பிரிட்டன் வேறு விதம். 1984-ல் இருபது சுரங்கங்களை மூடப்போவதாகச் சொன்னார்கள். தொழிலாளர்கள் ஓராண்டு போராடித் தோற்றார்கள். பிறகு சுரங்கங்கள் மளமளவென்று மூடப்பட்டன. அவற்றை நம்பிய ஊர்கள் நொடித்துப்போயின. அதே பிரிட்டன் 2015-ல், நிலக்கரி மின்சாரத்தைப் பத்தாண்டுக்குள் நிறுத்துவோம் என்று முன்கூட்டியே அறிவித்தது. கடைசி நிலையமான ராட்கிளிஃப் 2024 செப்டம்பர் 30-ல் நின்றது. நாள் முன்பே தெரிந்திருந்ததால் அங்கிருந்தவர்கள் வேறு வேலைக்குத் தயாராக முடிந்தது. தேதியும் மாற்று வேலையும் சேர்ந்து வந்தால் மூடல் தாங்கக்கூடியது. இரண்டும் இல்லாத மூடல் துரோகம்.

ஆகவே நெய்வேலியில் இடம் கிடைத்தால் தயங்காமல் சேர். சோலாரில் கிடைத்தாலும் சேர். எங்கே கிரிட்டைக் கற்க முடியுமோ அதற்கு முதலிடம் கொடு. உனக்குப் புதிதாகக் கற்றுக்கொள்ளும் வயது இருக்கிறது. ஐம்பது வயது ஒப்பந்தத் தொழிலாளிக்கும், சுரங்கத்துக்கு நிலம் கொடுத்து வேலைக்குக் காத்திருக்கும் குடும்பத்துக்கும் அது இல்லை. நாளை மூடும் திட்டம் உன் மேசைக்கு வந்தால், எத்தனை மெகாவாட் என்று பார்ப்பதற்கு முன், அவர்களுக்கு என்ன ஏற்பாடு என்று கேள். பதில் எழுத்தில் வரும்வரை கையெழுத்துப் போடாதே.

அன்புடன்,
பெரியப்பா