மேனாம்பேட்டு வாசற்படிகள்

சென்னை அம்பத்தூர் பக்கம் மேனாம்பேட்டில் ஒரு மருந்துக்கடை. தெருவிலிருந்து கடைத் தளம் 27 அங்குல உயரம், நான்கு படி. சின்ன வயதில் போலியோ வந்து, சக்கர நாற்காலியிலேயே வளர்ந்த என் தோழி பத்து வருஷமாக அந்தக் கடையில்தான் மருந்து வாங்குகிறார். ஒரு நாள்கூட உள்ளே போனதில்லை. தெருவில் நின்று குரல் கொடுப்பார், பையன் இறங்கி வந்து சீட்டை வாங்கிக்கொண்டு போவான். சீட்டில் இல்லாத பொருள் வேண்டுமென்றால், அது நாப்கினாகவே இருந்தாலும், எதிரே ஆட்டோவுக்குக் காத்திருப்பவர்கள் காதில் விழும்படிதான் கேட்டாக வேண்டும்.

கடைக்காரர் நல்ல மனிதர். மழை நாளில் குடை பிடித்துக்கொண்டு அவரே இறங்கி வருவார். அவரிடம் ஒரு மாலை மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பற்றிப் பேச்செடுத்தேன். அவர் சொன்ன பதில்கள் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி என எங்கே கேட்டாலும் கிடைக்கிற பதில்கள்தான். மனதார நம்பித்தான் சொல்கிறார்கள். அதனாலேயே ஒவ்வொன்றாக எடுத்துப் பேச வேண்டியிருக்கிறது.

“அதெல்லாம் கவர்ன்மென்ட் கட்டடத்துக்குத்தானே சார்?”

இல்லை. 2016ஆம் ஆண்டுச் சட்டம் ‘பொதுக் கட்டடம்’ என்பதற்குத் தரும் விளக்கத்திலேயே தனியார் கட்டடமும் வந்துவிடுகிறது. பொதுமக்கள் வந்து போகும் இடம் எதுவானாலும் அதற்குள் அடங்கும்: கடை, பள்ளி, மருத்துவமனை, வேலை செய்யும் இடம், வழிபாட்டுத் தலம், பொழுதுபோக்கு இடம், ரயில் நிலையம். சட்டம் 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அந்த ஜூனில் விதிகள் வந்தன. ஏற்கெனவே இருக்கும் பொதுக் கட்டடங்களை மாற்ற அந்த நாளிலிருந்து ஐந்து வருஷம் கொடுத்தார்கள். 2022 ஜூனோடு அந்தக் கெடுவும் முடிந்துவிட்டது.

“நம்ம கடைக்கு அப்படி யாரும் வர்றதில்லையே.”

நான்கு படி இருக்கும் கடைக்கு எப்படி வருவார்கள்? 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் மட்டும் ஏறத்தாழ 11.8 லட்சம் பேர் மாற்றுத்திறனாளிகளாகப் பதிவானார்கள். 1995ஆம் ஆண்டுப் பழைய சட்டத்தில் ஏழு வகைக் குறைபாடுகள்தான் இருந்தன. இப்போதைய சட்டத்தில் 21. பார்கின்சன் நோயாளியும் தலசீமியா உள்ள பிள்ளையும் அமில வீச்சில் காயம்பட்டவரும் அந்தப் பட்டியலில் உண்டு. பட்டியலில் வராதவர்களையும் எண்ணிப் பாருங்கள். மூட்டு தேய்ந்த மாமியார், நிறைமாத கர்ப்பிணி, கட்டுப் போட்ட காலோடு பைக்கிலிருந்து இறங்குகிறவர், தோளில் சிலிண்டர் சுமப்பவர். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் இயந்திரத்துக்குக் கையையோ காலையோ பறிகொடுத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருப்பவர்களும் இந்தத் தெருக்களில்தான் குடியிருக்கிறார்கள்.

“நாங்க சாய்தளம் போட்டாச்சே!”

பெரும்பாலான இடங்களில் சறுக்குவது இங்கேதான். கடைக்காரர் பெருமையாகக் காட்டியதும் இதைத்தான். படிக்குப் பக்கத்தில் ஒன்றரை அடி அகலத்தில் சிமென்ட் சரிவு ஒன்று இருந்தது. நீளம் நாலு அடி. இரவில் ஸ்கூட்டரை உள்ளே ஏற்றுவதற்காகப் போட்டது. ஸ்கூட்டருக்கு இன்ஜின் இருக்கிறது, தள்ள ஆள் இருக்கிறது. அந்த அகலத்தில் சக்கர நாற்காலி நிற்கவே நிற்காது; அவ்வளவு செங்குத்தில் ஏறினால் பின்பக்கமாகக் கவிழ்ந்துவிடும்.

கணக்கு ரொம்ப எளிது. ஒரு பங்கு உயரத்துக்குப் பன்னிரண்டு பங்கு நீளம் வேண்டும். அரசு வழிகாட்டி நெறிகள் சொல்லும் 1:12 என்பது இதுதான். 6 அங்குலப் படி ஒன்றுக்கு 6 அடி நீளச் சாய்தளம். 2 அடி உயரத்துக்கு 24 அடி. நம் மருந்துக்கடைக்கு 27 அடி வேண்டும், அவர் போட்டிருப்பது 4 அடி. அகலம் குறைந்தது 4 அடி இருக்க வேண்டும். ஏறி முடித்ததும் நாற்காலி திரும்பி நிற்க, சமதளமாக ஐந்தடிக்கு ஐந்தடி இடம் வேண்டும். இரண்டு பக்கமும் கைப்பிடி வேண்டும். வழுவழு டைல்ஸ் கூடாது. மழை பெய்தால் ஊன்றுகோல் அதில் நிற்காது.

ஒரு கல்யாண மண்டபத்துக்குத் தோழியோடு போனேன். வாசலில் அளவாகக் கட்டிய சாய்தளம் இருந்தது. ஆனால் அதன் அடிவாரத்தில் பதினோரு பைக். வண்டிகளை நகர்த்தி மேலே போனால், சாப்பாட்டுக் கூடம் கீழ்த்தளத்தில், படி வழியாக மட்டும். மாற்றுத்திறனாளிகள் கழிப்பறை என்று பலகை மாட்டிய அறைக்குள் வாழை இலைக் கட்டும் துடைப்பமும். மொய் எழுதிவிட்டுச் சாப்பிடாமல் திரும்பினோம். அந்த மண்டபக்காரர் செலவு செய்யத் தயங்கியவர் இல்லை. கட்டும்போது பயன்படுத்தப் போகிறவர் ஒருவரையாவது கூப்பிட்டு, வாசலிலிருந்து பந்தி வரைக்கும் ஒரு தடவை வந்து பாருங்கள் என்று அவர் கேட்டிருந்தால் போதும்.

கட்டியதைப் பராமரிக்கவும் வேண்டும். மெரினாவில் அலைக்குப் பக்கத்தில் போக 263 மீட்டர் மரப்பாதை 2022 நவம்பர் கடைசியில் திறந்தார்கள். முதல் முறையாகக் கடலைக் கிட்டே பார்த்தவர்கள் அழுதார்கள். இரண்டு வாரத்துக்குள் மாண்டஸ் புயல் அதை உடைத்தது. சரிசெய்து மறுபடி திறந்தார்கள். நம் தெருச் சாய்தளத்தில் ஒரு விரிசல் விட்டால் யார் பார்ப்பது என்பதையும் கட்டுகிற அன்றே பேசிவிட வேண்டும்.

“படியை எடுத்தா மழைத் தண்ணி உள்ள வந்துடும்.”

இந்தப் பயத்தை நான் மதிக்கிறேன். 2015 மழையையும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கொண்டுவந்த வெள்ளத்தையும் பார்த்தவர்கள் தளத்தை உயர்த்தத்தான் செய்வார்கள். ஆனால் சாய்தளம் போடத் தளத்தை இறக்க வேண்டியதில்லை. தளம் இருந்த உயரத்திலேயே இருக்கும். அதற்குப் போகும் வழி மட்டும் மாறுகிறது. தண்ணீருக்குப் படியும் ஒன்றுதான், சரிவும் ஒன்றுதான்.

உயரத்தின் உண்மையான மூலம் சாலை. பழைய தாரின் மேலேயே புதுத் தார் போட்டுப் போட்டுச் சாலை உயர்ந்தது. வீடு பள்ளமாயிற்று. அடுத்து கட்டியவர் மூன்றடி உயர்த்தினார். 2021 மே மாதம் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு, பழைய தாரைச் சுரண்டி எடுத்த பிறகே புதுச் சாலை போட வேண்டும் என்று உத்தரவிட்டார். உங்கள் தெருவில் சாலை போட வரும்போது சுரண்டுகிறார்களா என்று நின்று பாருங்கள். உங்கள் வாசற்படியின் எண்ணிக்கையை முடிவு செய்வது அந்த ஒரு நாள் வேலைதான்.

“இடமும் இல்ல, பணமும் இல்ல.”

இடம் இல்லை என்பது சில கடைகளுக்கு நிஜம். தெருவை ஒட்டிய கடையில் 20 அடி சாய்தளத்துக்கு எங்கே போவது? மழைநீர் வடிகால் மேலேயோ நடைபாதையிலோ நீட்டினால் அதுவும் ஆக்கிரமிப்பு. நடந்து போகிறவருக்கு அதுவே தடை. ஆனால் ஒற்றைப் படிதான் என்றால் எடுத்து வைத்துக்கொள்ளும் பலகை போதும். டொரன்டோவில் ஸ்டாப்கேப் என்ற அமைப்பு 2011இலிருந்து பளிச்சென்று வண்ணமடித்த ஒட்டுப்பலகைச் சாய்தளங்களை ஒற்றைப் படிக் கடைகளுக்குச் செய்து கொடுக்கிறது. தொடங்கியவர்களில் ஒருவரான லூக் ஆண்டர்சன் தானே சக்கர நாற்காலியில் இருப்பவர். நமக்கு ஒட்டுப்பலகைகூட வேண்டாம். தொழிற்பேட்டை பக்கத்திலேயே இருக்கிறது. செக்கர்டு பிளேட்டை அளவாக வெட்டி, இரண்டு ஓரமும் மடித்து, கைப்பிடிக்கு வளையம் வைத்து வெல்டிங் அடித்துத் தரும் பட்டறைகளுக்கு இங்கே பஞ்சமில்லை. வாக்குப்பதிவு அன்றைக்கு ஒரு நாளுக்காகப் பள்ளிக்கூட வாசலில் தற்காலிகச் சாய்தளம் போடுகிறோமே, மறுநாள் அதை எடுக்காமல் விட்டால் அந்தப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆகாதா?

காசு அதிகம் ஆகாத வேலைகளும் நிறைய. படி விளிம்பில் மஞ்சள் பெயின்ட் ஒரு கோடு: பார்வை மங்கியவருக்கு எங்கே படி முடிகிறது என்று தெரியும். டோக்கன் எண்ணைக் கத்துவதோடு எழுதியும் காட்டினால் காது கேளாதவர் தன் முறையைத் தவறவிட மாட்டார். கடைக்குள் நடைவழியில் அடுக்கிய அட்டைப்பெட்டிகளை ஓரமாக்கினால் மூன்றடி வழி கிடைக்கும். கழிப்பறையின் பூட்டைத் திறந்து வைக்கப் பணம் எதற்கு?

“நாங்க நாலு பேர் தூக்கிட்டுப் போயிடுறோமே.”

இதைச் சொல்பவர்கள் எல்லோரும் அன்பாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் தூக்கப்படுகிறவர் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். ஒருவர் நாற்காலியின் கைப்பிடியைப் பிடிப்பார், அது கழன்று வரும் வகை என்று அவருக்குத் தெரியாது. இன்னொருவர் அக்குளில் கை கொடுப்பார். புடவை விலகும். பிடித்துச் சரிசெய்ய முடியாது, இரண்டு கையும் உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கும். சுற்றி இருப்பவர்கள் “பார்த்து, பார்த்து” என்பார்கள். கோயில் தரிசனத்துக்கு இப்படி ஒரு முறை போய்வந்த தோழி, “சாமியைப் பார்த்தேனான்னு ஞாபகமே இல்ல, எப்படி இறங்கப் போறோம்னுதான் நெனச்சிக்கிட்டிருந்தேன்” என்றார். அதன் பிறகு அவர் அங்கே போகவில்லை. உதவி செய்ய நான்கு பேர் கிடைக்கும் நாளில்தான் ஒருவர் கடைக்கோ கோயிலுக்கோ வரலாம் என்றால் அந்த இடம் அவருக்குத் திறந்திருக்கிறது என்று எப்படிச் சொல்வது? சட்டம் கேட்பதும் அவர் நினைத்த நேரத்தில் தானாக வந்து போகும் வழியைத்தான்.

“கேஸ் வந்தா பார்த்துக்கலாம்.”

கேஸ் வரும். முதல் மீறலுக்கு 10,000 ரூபாய் வரை அபராதம்; தொடர்ந்தால் 50,000த்திலிருந்து 5 லட்சம் வரை. கண்பார்வையற்றவரான ராஜீவ் ரதூரி 2005இல் தொடுத்த வழக்கில், 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம், வெறும் பரிந்துரையாக இருக்கும் அணுகல் விதி செல்லாது, கட்டாய விதியாக்க வேண்டும் என்று மத்திய அரசுக்குச் சொல்லிவிட்டது. சென்னையில் தாழ்தளப் பேருந்துக்காக மாற்றுத்திறனாளிகள் நீதிமன்றத்தில் பல வருஷம் போராடினார்கள். 2024 ஆகஸ்ட்டில் 58 பேருந்துகள் ஓடத் தொடங்கின. நடைபாதையை ஒட்டிச் சாய்ந்து இறங்கும் பேருந்து வந்த பிறகும், கடை வாசலில் நான்கு படி நிற்கிறது.

ஆனால் கேஸுக்குக் காத்திருக்க என்ன அவசியம்? அமெரிக்காவில் 1999இல் ‘புராஜெக்ட் சிவிக் ஆக்சஸ்’ என்று ஒன்று தொடங்கினார்கள். நீதித்துறை ஆட்கள் ஊர் ஊராகப் போய் நூலகம், நீதிமன்றம், பூங்கா எல்லாவற்றையும் அளந்து, எதை எப்போது சரிசெய்வது என்று அந்தந்த உள்ளாட்சியோடு ஒப்பந்தம் போட்டார்கள். இருநூறுக்கு மேற்பட்ட ஒப்பந்தங்கள் அப்படி உருவாயின. நமக்கும் வழி இருக்கிறது. ஏரியா சபை கூடும்போது இதைக் கேள்வியாக எழுப்பலாம். உள்ளாட்சிகளில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினராக்கும் சட்டத்திருத்தம் 2025 ஏப்ரலில் சட்டமன்றத்துக்கு வந்தது. இனி அந்தக் குரல் கூட்டத்துக்குள்ளேயே இருக்கும். குடியிருப்போர் நலச்சங்கமும் வியாபாரிகளும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சக்கர நாற்காலியில் வருபவர் ஒருவரையும் வெள்ளைக்கோல் பிடித்தவர் ஒருவரையும் கூட்டிக்கொண்டு ஒரே ஒரு தெருவை நடந்து அளந்தால் மிச்ச வேலை தானாகத் தெரிந்துவிடும்.

மருந்துக்கடைக்கு முன்புறம் 27 அடி கிடையாது. பக்கவாட்டில் கட்டடத்துக்குச் சொந்தமான சந்து இருக்கிறது, 40 அடி நீளம். போன வாரம் மேஸ்திரி வந்திருந்தார். சந்தின் ஒரு முனையில் நான் நூலைப் பிடித்துக்கொண்டேன், மறுமுனையில் கடைக்காரர். தோழி நடுவில் நாற்காலியை நிறுத்திப் பின்வாசலைப் பார்த்தார். “மேஸ்திரி, இந்தக் கதவு வெளிப்பக்கமா திறக்குது. நான் மேல வந்து நிக்கும்போது கதவு என் மேலேயே இடிக்கும். உள்பக்கமா மாத்திடுங்க.” மேஸ்திரி காதிலிருந்த பென்சிலை எடுத்து, கதவு நிலையில் ஒரு அம்புக்குறி போட்டார்.