அறியும் ஆவல் பாவமா, புண்ணியமா?

"சுவாமி, இவன் பாடப் புத்தகத்தை விட்டுவிட்டு வேறு எதையெல்லாமோ வாசிக்கிறான். கோட்டையை யார் கட்டினார்கள், கூத்துக்காரர் ஏன் இப்படி உடுக்கிறார்கள் என்று ஓயாமல் கேட்கிறான். சோதனைக்கு வராததைப் படித்து என்ன பயன்?"

பெற்றோர் பலர் எம்மிடம் சொல்லும் குறை இது. புலமைப்பரிசில் பரீட்சையும் சாதாரண தரப் பரீட்சையும் பிள்ளைகளை நெருக்கும் இந்நாளில் அவர்களுடைய கவலை வீணானதன்று. ஆயினும், பிள்ளையின் கேள்வியை அடக்குமுன் நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டும். அறியும் ஆவலைப் பற்றித் திருச்சபை என்ன கூறுகிறது? நம் மட்டக்களப்பு மண்ணின் அனுபவம் என்ன?

இருவகை ஆவல்

புனித அகுஸ்தினார் தம் வாழ்க்கையை இறைவன் முன் அறிக்கையிட்டு எழுதிய நூலில், அறியும் ஆவலைச் சோதனைகளுள் ஒன்றாகவே எண்ணி, அதைக் கண்களின் இச்சையோடு சேர்த்துப் பேசுகிறார். அப்படியானால் கேள்வி கேட்பது தவறா? 13ஆம் நூற்றாண்டில் புனித தோமாஸ் அக்குவினாஸ் இதைத் தெளிவாகப் பிரித்துக் காட்டினார். உண்மையை முறையாகத் தேடிக் கற்கும் நாட்டம் புண்ணியம். அது அளவுடைமை என்னும் தலையான புண்ணியத்தைச் சேர்ந்தது. ஒழுங்கற்ற ஆவலே குற்றம்.

எது ஒழுங்கற்றது? பெருமை பேசுவதற்காகக் கற்பது. தன் கடமையைக் கைவிட்டுப் பயனற்றதில் மூழ்குவது. படைப்பை ஆராய்ந்து படைத்தவரை மறப்பது. இவற்றை அவர் குறிப்பிடுகிறார். அயல்வீட்டுச் சண்டையைத் துருவி விசாரிப்பதும், நள்ளிரவு வரை கைப்பேசியில் பிறர் கதையைப் புரட்டுவதும் இவ்வகையே. இவற்றுக்கு நாம் வீட்டில் தாராளமாக இடம் கொடுக்கிறோம். ஆனால், "இந்தக் கோட்டை எப்போது கட்டியது?" என்று பிள்ளை கேட்டால், "உன் வேலையைப் பார்" என்கிறோம். இது தலைகீழான நீதியன்றோ?

வாவி எழுப்பிய கேள்வி

நம் வாவியில் மீன் பாடுகிறது என்று சிறு வயது முதல் கேட்டு வளர்ந்தோம். எத்தனை பேர் அதைத் தேடிச் சென்றோம்? இலங்கையின் குடியேற்றச் செயலாளராயிருந்த எமர்சன் டெனன்ற் 1848 செப்டெம்பரில் இங்கு வந்தபோது, மீனவரை அழைத்து விசாரித்தார். நிலவு எழுந்தபின் அவர்களுடன் தோணியேறிக் கோட்டை இறங்குதுறையிலிருந்து ஏறக்குறைய இருநூறு யார் தூரம் சென்றார். காற்று அசையாத இரவு. நீருக்கடியிலிருந்து பல மெல்லிய ஒலிகள் எழுந்தன. தோணியின் மரத்தில் காதை வைத்தபோது அவை இன்னும் உரத்துக் கேட்டன. வறண்ட காலத்தில் மட்டுமே இது கேட்கும், மழை வெள்ளம் வாவியில் சேர்ந்தால் நின்றுவிடும் என்று மீனவர் சொன்னார்கள். பாடுவது மீனன்று, ஊரியே என்பதும் அவர்கள் கருத்து. ஊரிகளை உயிருடன் எடுத்தும் காட்டினார்கள். 1859இல் வெளியான தம் நூலில் அவர் இதையெல்லாம் எழுதி வைத்தார்.

பின்னாளில் புனித மிக்கேல் கல்லூரியில் பணியாற்றிய இயேசு சபைக் குரு லாங் அடிகளார் அவ்வொலியைப் பதிவு செய்ய உழைத்தார். அவர் உதவியால் வாவியின் இசை வானொலியிலும் ஒலித்தது. மீனா, ஊரியா என்பதற்கு எல்லாரும் ஏற்கும் முடிவான விடை இன்றுமில்லை. ஆயினும் இக்கேள்வியைத் தேடியவர்கள் வெறுங்கையோடு திரும்பவில்லை. அதிகாரியும் குருவானவரும் புத்தகத்தில் காணாததை நம் மீனவரிடமும் வாவியிடமும் கற்றார்கள். அறிந்தவரை அணுகிக் கேட்கும் தாழ்மை தேடலின் முதற்படி.

மிக்கேல் கல்லூரியின் மாணவன்

1892இல் காரைதீவில் பிறந்த மயில்வாகனம் என்னும் சைவப் பிள்ளை இதே கல்லூரியில் நம் குருக்களிடம் பயின்று, பின்னர் அங்கேயே ஆசிரியராகவும் பணியாற்றினார். 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதர் பரீட்சையிலும், 1920இல் இலண்டன் விஞ்ஞானப் பட்டப் பரீட்சையிலும் தேறினார். யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியிலும் விஞ்ஞானம் கற்பித்தார். துறவு பூண்டபின் உலகம் அவரைச் சுவாமி விபுலாநந்தர் என அறிந்தது.

அவர் மனத்தில் ஒரு கேள்வி வேரூன்றியது. சிலப்பதிகாரம் இவ்வளவு விரிவாகக் கூறும் யாழ் என்ற கருவி எங்கே? அது எப்படியிருந்தது, அதன் நரம்புகள் எந்தச் சுரத்தில் நின்றன? எந்தப் பரீட்சையிலும் வராத கேள்வி. பார்ப்பதற்கு ஒரு பழைய யாழும் கையில் இல்லை. பழந்தமிழ் நூல்களை ஒருபுறமும், தாம் கற்ற கணிதத்தையும் ஒலி பற்றிய பௌதிகத்தையும் மறுபுறமும் வைத்துக்கொண்டு ஏறக்குறைய 14 ஆண்டுகள் உழைத்தார். யாழ் நூல் 1947 ஜூன் மாதம் தஞ்சை மாவட்டத்துத் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. அடுத்த மாதம் 19ஆம் திகதி அவர் மறைந்தார்.

இதிலிருந்து பெற்றோர் ஒன்றைக் கவனிக்கவேண்டும். அவர் தம் கேள்விக்காகக் கடமையைக் கைவிடவில்லை. பரீட்சைகளில் தேறினார், பாடசாலைகளை நடத்தினார், பல்கலைக்கழகங்களில் தமிழ்ப் பேராசிரியராகப் பணிபுரிந்தார். பரீட்சைக்குக் கற்ற கணிதமே யாழின் நரம்பை அளக்கவும் உதவிற்று. பாடமும் தேடலும் பகையல்ல. நம் பிள்ளைகளும் இரண்டையும் சேர்த்துக்கொள்ளப் பழகலாம். அதற்கு நேரம் ஒதுக்கிக் கொடுப்பது நம் பொறுப்பு.

விடை தெரியாத பெற்றோர்

"எங்களுக்கே ஒன்றும் தெரியாது, நாங்கள் என்ன சொல்லிக் கொடுப்பது?" என்று சிலர் கேட்கலாம். லூக்காஸ் நற்செய்தியின் இரண்டாம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். பன்னிரண்டு வயதுச் சிறுவன் இயேசு ஆலயத்தில் போதகர் நடுவே அமர்ந்திருக்கிறார். அங்கே அவர் முதலில் செவிமடுக்கிறார், பின் வினாவுகிறார். தேடித் தவித்து வந்த மரியன்னைக்கும் சூசையப்பருக்கும் அவர் சொன்ன மறுமொழி விளங்கவில்லை. ஆனால் அன்னை அதைத் தள்ளிவிடாமல் தம் உள்ளத்தில் பேணிக் காத்தார். மகனும் அவர்களோடு நாசரேத்துக்குத் திரும்பிப் பணிந்து நடந்தார்.

பெற்றோரின் கடமை இங்கே தெளிவாகிறது. எல்லா விடையும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. பிள்ளையின் கேள்வியைக் காத்துக் கொடுத்தால் போதும். "எனக்குத் தெரியாது மகன், வா, தெரிந்தவரிடம் கேட்போம்" என்று சொல்லும் தகப்பன் பிள்ளைக்குத் தாழ்மையையும் கற்பிக்கிறான். விசுவாசத்தைப் பற்றிப் பிள்ளை கேட்கும் கேள்விக்கும் இது பொருந்தும். உண்மை அனைத்துக்கும் ஊற்று இறைவனே. நேர்மையான கேள்வி அவரிடமிருந்து நம்மைப் பிரிக்காது. அடக்கப்பட்ட கேள்வியோ ஒருநாள் பிள்ளையைக் கோயில் வாசலுக்கு வெளியே கொண்டுபோய் நிறுத்தலாம்.

இவ்வாரம் குடும்பத்தில் செய்ய

1. மாலைச் செபத்தின்பின் ஒவ்வொருவரும் தாம் அறிய விரும்பும் ஒன்றைச் சொல்லட்டும். யாரும் சிரிக்கக்கூடாது.

2. அவற்றுள் ஒன்றைத் தெரிந்து, அதை அறிந்த ஒருவரைத் தேடிப் போங்கள். அவர் வயதான மீனவராகவோ கூத்து அண்ணாவியாராகவோ வீட்டு அம்மம்மாவாகவோ இருக்கலாம். கேட்டதைப் பிள்ளை கொப்பியில் எழுதட்டும்.

3. பின்னர் நூலகத்துக்குச் செல்லுங்கள். பண்டிதர் வீ. சீ. கந்தையா 1964இல் வெளியிட்ட 'மட்டக்களப்புத் தமிழகம்' நம் ஊர் வரலாற்றுக்கும் கலைகளுக்கும் நல்ல தொடக்கம். கேட்டதையும் வாசித்ததையும் ஒப்பிடுங்கள்.

4. கோட்டைக்குப் பிள்ளையைக் கூட்டிச் செல்லுங்கள். 1628இல் போர்த்துக்கேயர் கட்டினர், 1638இல் ஒல்லாந்தர் கைப்பற்றினர் என்று சொல்லுங்கள். அடுத்த கேள்வியைப் பிள்ளையே கேட்பான்.

அப்போது, "உன் வேலையைப் பார்" என்று சொல்லிவிடாதீர்கள்.