மெத எல: ஒரு சிற்றோடை கற்பிக்கும் பாடம்

பல ஆண்டுகளாக யாம் வகுப்பறையிலே ஆற்றுவளம் பற்றிய கட்டுரைகளை மாணாக்கரைக் கொண்டு எழுதுவித்து வந்துள்ளோம். குறிஞ்சியிற் பிறந்து, மருதத்திலே தவழ்ந்து, நெய்தலிற் கடலோடு கலக்கும் ஆற்றின் வரலாற்றை அவர்கள் அழகுற எழுதுவர். யாமும் மகிழ்ந்து புள்ளியிடுவோம். முன்னொரு நாள், மழை விட்ட மாலைப்பொழுதிலே கண்டி நகரில் எம்முடன் நடந்துவந்த மாணாக்கன் ஒருவன், வீதியோரத்தே கலங்கி ஓடிய நீரைச் சுட்டி, "ஐயா, இந்தத் தண்ணீர் எங்கே போகிறது?" என்று வினவினான். "அது வெறும் சாக்கடை, தம்பி" என்று கூறி யாம் அப்பாற் சென்றோம். அன்றிரவு அவ்விடை எம்மை உறுத்தியது. எம் அறியாமையை ஒரு சொல்லால் மறைத்துவிட்டோம் என்பதை உணர்ந்தோம். பின்னர் அவ்வோடையை அறியப் புகுந்தோம். அறிந்தவற்றுட் சிலவற்றை இம்மலரிலே பாடமாகத் தருகின்றோம்.

அவ்வோடையின் பெயர் மெத எல. சிங்களத்திலே 'மெத' என்பது நடு. 'எல' என்பது ஓடை அல்லது கால்வாய். நகரின் நடுவே செல்லுதலின் இப்பெயர் மிகப் பொருந்துவதாம். கண்டியின் இறுதி மன்னனாகிய ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன், தலதா மாளிகையின் முன்னே வயலாய்க் கிடந்த தாழ்நிலத்தை அணையிட்டு மறித்து, 1807 ஆம் ஆண்டளவில் வாவியாக்கினான். அவ்வாவி நிரம்பி வழியும் நீரே மெத எலவின் தலைநீர். அது நகரின் அடியிலும் இடையிலும் புகுந்து தென்மேற்கே செல்கின்றது. ஹந்தானை மலைச்சரிவிலிருந்து இறங்கும் சிற்றருவிகளையும் சேர்த்துக்கொண்டு, கெட்டம்பேக்கு அண்மையில் மகாவலி கங்கையை அடைகின்றது.

கண்டி கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில், மலைகள் சூழ்ந்த கிண்ணம்போல் அமைந்தது. ஆகவே சரிவுகளிற் பெய்யும் மழை விரைந்து பள்ளத்தை நாடும். முன்னர் மரமும் மண்ணும் உறிஞ்சிய நீரை இப்பொழுது கூரைகளும் தார் வீதிகளும் அப்படியே ஓடவிடுகின்றன. முழங்காலளவு நீரோடு கிடந்த ஓடை சிறிது நேரத்திலே கரை முட்டுதற்கு இதுவே காரணம். அவ்வேளையிற் குப்பை அதன் வாயை அடைக்குமாயின், நீர் வீதிக்கு ஏறிவிடும்.

இனி, அவ்வோடையில் வாழும் உயிர்களைக் காண்போம். கரையிலே அசையாது கிடக்கும் பெரிய பல்லியனைய உருவம் கபரகொய்யா. அது நன்கு நீந்தும். நிலத்து உடும்பின் இனமாயினும் அதனின் வேறானது. மீனையும் நண்டையும் உண்பதோடு அழுகிய பிணங்களையும் தின்று கரையைத் துப்புரவாக்கும். வெண்கொக்கும் மடையானும் ஆழமற்ற நீரிலே காத்து நிற்கும். நீலச் சிறகும் சிவந்த அலகும் வெண்மார்பும் உடைய மீன்கொத்தி, மீனோடு ஓணானையும் வெட்டுக்கிளியையும் பிடிக்கும்; நீர் கலங்கிய நாளிலும் அது பட்டினி கிடவாமைக்கு இதுவே காரணம். வாவியிலே மிகுந்துள்ள திலாப்பியா மீன் ஆபிரிக்காவுக்கு உரியது. 1952 ஆம் ஆண்டளவிலே இலங்கைக்குக் கொணரப்பட்டது.

ஓடையின் நலத்தை உள்ளவாறு உரைப்பன இவற்றினும் சிறிய உயிர்களே. தெளிந்த மலையருவியிலே ஒரு கல்லைப் புரட்டினால், பலவகைப் பூச்சிகளின் குடம்பிகள் அதன் அடியில் ஒட்டியிருக்கும். அவற்றுக்கு நீரிற் கரைந்த ஒட்சிசன் நிறைய வேண்டும். நகருக்குள் வந்தபின், கழிவை உண்ணும் பற்றீரியங்கள் அவ்வொட்சிசனைச் செலவிட்டுவிடுகின்றன. அங்கே சேற்றைக் கிளறினால் நூல்போன்ற சிவந்த புழுக்களே மிகும். கடியாத ஒருவகைச் சிற்றீயின் குடம்பிகள் அவை. நம் குருதியில் உள்ளதைப் போன்ற ஈமோகுளோபின் அவற்றுக்கும் உண்டு. அதனாலேயே செந்நிறம் பெற்று, குறைந்த ஒட்சிசனிலும் பிழைக்கின்றன. பல்லுயிர் வாழ்ந்த இடத்திலே ஓருயிர் மட்டும் பெருகுமாயின், நீர் நோயுற்றது என்று அறிக. 1999 ஆம் ஆண்டில் வாவியிலே நீலப்பச்சைப் பாசி பெருகியமையும் இத்தகைய எச்சரிக்கையே.

மாணாக்கன் கேட்ட வினாவுக்கு இப்பொழுது வருவோம். கெட்டம்பேயில் மகாவலியோடு கலந்த நீர் கட்டுகஸ்தோட்டையை நோக்கிச் செல்கின்றது. அங்கே ஆற்றுநீரை எடுத்துச் சுத்திகரித்துக் கண்டிப் பகுதி மக்களுக்குக் குடிநீராக வழங்குகின்றனர். அதற்கப்பால், 1976 இல் நிறைவுற்ற பொல்கொல்லை அணையிலே நீரின் ஒரு பங்கு சுரங்கவழி புகுந்து, உக்குவளையில் மின்னாக்கி, போவத்தென்னை வழியாகக் கலாவாவியின் வயல்களுக்கும் போய்ச் சேர்கின்றது. மகாவலியில் எஞ்சி ஓடுவது கிழக்கே திரும்பி, திருக்கோணமலையின் கொட்டியாரக் குடாவிலே கடலை அடைகின்றது. அதன் கிளையாகிய வெருகலாற்றின் கரையிலேதான் சித்திர வேலாயுத சுவாமி கோயில் உள்ளது. கண்டியிலே யாம் சாக்கடை என்று இகழ்ந்த நீர், வழியிலே பிறர் பருகும் நீராகவும், உழவர் பாய்ச்சும் நீராகவும், அடியார் தீர்த்தமாடும் நீராகவும் ஆகின்றது!

நகரின் கழிவுநீரைத் திரட்டித் தூய்மையாக்குதற்கு யப்பானிய உதவியுடன் கன்னொறுவையிலே சுத்திகரிப்பு நிலையம் அமைக்கப்பட்டது. பயன்மிகு முயற்சியே. ஆயினும் பாலத்தின் மேலிருந்து எறியப்படும் பொலித்தீன் பையை எந்தக் குழாயும் ஏற்காது. அது எறிபவன் கையிலே தடுக்கப்படவேண்டியது.

ஆசிரியத் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆற்றைப் பற்றிக் கட்டுரை எழுதுவிக்கு முன் மாணாக்கரை அருகிலுள்ள ஓடைக்கு அழைத்துச் செல்லுங்கள். நீரின் நிறம், மணம், வேகம், காணும் உயிர்கள் ஆகிய நான்கையும் மாதம் ஒருமுறை குறித்துவரச் செய்யுங்கள். ஓராண்டுக் குறிப்பு ஒரு நல்ல நூலுக்கு ஒப்பாகும்.

அன்று வினவிய மாணாக்கன் இன்று பழைய மாணவருள் ஒருவன். இம்மலர் அவன் கைக்கும் எட்டும் என நம்புகின்றோம். தம்பி, அந்தத் தண்ணீர் கொட்டியாரக் குடாவுக்குப் போகின்றது. விடை கூறக் காலந் தாழ்த்தியமைக்கு எம்மைப் பொறுத்தருள்வாயாக.