சுவரில் ஏன் அரசங்கன்று?

விதை பரவுதல் என்றதும் பள்ளிக்கூடப் பாடம் ஞாபகம் வரும். எருக்கம்பஞ்சு காற்றில் பறக்கும், தேங்காய் தண்ணியில் மிதக்கும், நாயுருவி வேட்டியில் ஒட்டும். பரீட்சைக்கு அது போதும். சிவில் படிக்கிற நமக்குப் பறவை வழியாகப் பரவுற விதைதான் முக்கியம். ஏன்னா அது நாம கட்டுற சுவரிலேயே வந்து இறங்குது.

அரசம்பழத்துக்குள்ளே கடுகை விடச் சின்ன விதைகள் ஏராளம். மைனா, குயில், குக்குறுவான், வௌவால் எல்லாம் பழத்தைத் தின்னும். சதை செரிச்சுப் போகும். விதை சேதமில்லாமல் எச்சத்தோடு வெளியே வரும். கைப்பிடிச் சுவர், சன்ஷேடு, கோபுரம் எதையும் விடாது.

விழுந்ததெல்லாம் முளைச்சிடாது. விதை சின்னது, அதனால் உள்ளே சேமிப்பு உணவு ரொம்பக் குறைவு. முளைச்ச கொஞ்ச நாளிலேயே இலை விரிச்சுத் தன் சாப்பாட்டைத் தானே சமைச்சுக்கணும். அடர்ந்த புல் நிழலில் விழுந்தால் பிழைப்பது கஷ்டம். பனைமரத்து மட்டை இடுக்கில் ஆலங்கன்று நிற்பதைப் பார்த்திருப்பீங்க. அங்கே தூசி, மக்கின குப்பை, ஈரம், நல்ல வெளிச்சம் நாலும் இருக்கு. வெடிச்ச சுவரிலும் இந்த நாலும் கிடைக்குது. விதையைப் பொறுத்தவரை பனையும் ஒண்ணுதான், பங்களாவும் ஒண்ணுதான்!

இதை நான் விளையாட்டுக்கு எழுதலை. என் அப்பா கொத்தனார். எங்க வீட்டில் பத்தாவதைத் தாண்டின முதல் ஆள் நான். ஒரு வீட்டில் பழைய காரைச் சுவரோடு புதுச் சுவர் சேர்த்துக் கட்டினார். மறுவருஷம் அந்தச் சேர்ப்பில் அரசங்கன்று வந்தது. "கலவையில சிமெண்டைக் குறைச்சுட்டே" என்று வீட்டுக்காரர் பாக்கிக் கூலியைத் தரலை. நான் போய்ப் பார்த்தேன். மாடித்தொட்டி நிரம்பி வழியுற தண்ணி நேரா அந்த இடுக்கில்தான் இறங்குது. வேறெங்கும் ஒரு செடி இல்லை. பழைய சுவரும் புதுச் சுவரும் ஒரே மாதிரி அமராது, சேர்ப்பில் மெல்லிய விரிசல் வரத்தான் செய்யும். அதில் கன்றை வளர்த்தது தண்ணி. கலவை மோசம்னா சுவர் முழுக்க அல்லவா உதிரணும்? எடுத்துச் சொன்னேன். வீட்டுக்காரர் தலையை ஆட்டினார். பாக்கி இன்னும் வரலை.

கன்று பிடிச்சிட்டா வேர் நூல் மாதிரி உள்ளே இறங்கும், பிறகு பருத்துக் கல்லையே நெம்பும். கம்போடியாவில் 12-ஆம் நூற்றாண்டில் கட்டின தா புரோம் கோயிலில் மரவேர்கள் கற்சுவரைக் கவ்வி நிற்கிற படம் பிரபலம்.

அரிவாளால் வெட்டினால் போதாது, அடிக்கட்டை மறுபடி துளிர்க்கும். நாலு இலை விடும்போதே, மழை பெய்த மறுநாள் வேரோடு பிடுங்கணும். இடுக்கில் தூசியைச் சுரண்டி, நனைச்சு, கலவை வச்சு அடைக்கணும். அதுக்கு முன்னாடி தண்ணி வர்ற வழியை மாத்தணும். பெரிசாகிட்டால் செங்கல்லைப் பிரிச்சு வேரை எடுத்து, திரும்பக் கட்டுறதுதான் வழி.

பிடுங்கின கன்றை எறிய அப்பாவுக்கு மனசு வராது. ஈரச் சாக்கில் சுத்தி ஏரிக்கரைக்குக் கொண்டுபோவார். சுத்திலும் புல்லைச் செதுக்கி, வெளிச்சம் படுற மாதிரி நட்டுட்டு வருவார்.